அறுபத்திரண்டு பெட்டி வேதாகமம்

1

இந்தக் கதை என் அக்காவிடமிருந்து வந்தது. வெள்ளம் சூழ்ந்த ஊர்களில் பதினெட்டு நாள் வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், சாப்பிட உட்கார்ந்து, வாயில் இருந்ததை விழுங்கக்கூடச் செய்யாமல், "நாங்க பைபிளை மிதிச்சு நடந்தோம்டி" என்றாள். நான் எச்சில் கையோடு ஓடிப்போய்ப் பேனாவைத் தேடினேன்.

அக்கா மிஷன் மருத்துவமனையில் நர்ஸ். நான் கதை எழுதுகிறவள். இருவரில் யார் உருப்படியான வேலை பார்க்கிறோம் என்பதில் எங்கள் அம்மாவுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அன்றைக்கே மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

வானம் பிளந்துகொண்டு— (வேண்டாம். வெள்ளக் கதைகளெல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.)

விசுவாசத்தின் கனம் எவ்வளவு என்று— (இதைப் படித்த அக்கா, "ஒரு பெட்டி இருபது கிலோ" என்றாள்.)

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி சொல்வது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

2

ஊர் சின்னது. ஒரு மேட்டில் மிஷன் ஆலயம், எதிரே பள்ளத்தில் பள்ளிக்கூடம், இரண்டுக்கும் நடுவே ஒரு சாலை. ஆறு உடைந்த மறுநாள் காலையில் அந்தச் சாலை அறுந்துபோனது. பத்தடி அகலத்துக்கு வெட்டு. இடுப்பளவுத் தண்ணீர்தான், ஆனால் இழுப்பு பொல்லாதது. கட்டு அறுத்துக்கொண்டு வந்த ஆடு ஒன்று அதில் கால் வைத்தது. அடுத்த கணம் ஆடு இருந்த இடத்தில் நுரைதான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தவர்கள் முப்பத்தொரு பேர்.

அக்காவும் அந்த ஆலயத்தின் போதகரும் மிஷன் கிடங்கின் நிவாரணப் பெட்டிகளோடு படகில் வந்து மேட்டின் பின்பக்கம் இறங்கியபோது என்ஜின் நின்றுவிட்டது. விசிறியில் கொடி சுற்றிக்கொண்டது என்றார் படகுக்காரர். துடுப்புப் போட்டுப் பள்ளிக்கூடத்துப் பக்கம் சுற்றிப் போனால் இழுப்பு படகையே அள்ளிக்கொண்டு போய்விடும் என்றும் சொன்னார். சரி, முதலில் சரக்கை இறக்குவோம் என்று அறுபத்திரண்டு பெட்டிகளையும் ஆலயத்துக்குள் அடுக்கினார்கள். குடிநீர் சுத்தம் செய்யும் மாத்திரையும் போர்வையும் கேட்டு அக்கா எழுதியிருந்தாள். ஒரு பெட்டியைக் கிழித்தாள். வேதாகமம். இன்னொன்று. வேதாகமம். கிடங்கில் யாரோ சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.*

(* அந்த நேரத்தில் அவள் சொன்ன வார்த்தையை அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். போடவில்லை.)

அப்போதுதான் பள்ளிக்கூடத்தின் பின்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடியது. எதிர்ப்பக்கத்திலிருந்து அதைக் கூவிச் சொன்னார்கள்.

படகுக்காரர் ஒரு பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்தார். கெட்டியான பிளாஸ்டிக் உறை. உள்ளே நெருக்கமாகக் காகிதம். "அக்கா, கல்லு மாதிரி கனக்குது" என்றார். அவர் கண் சாலையின் வெட்டுக்குப் போனது. அக்கா பெட்டியைப் பார்த்தாள். பிறகு போதகரைப் பார்த்தாள்.

3

இங்கே ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் முதல் வரைவில் போதகர் பெட்டிகளுக்கு முன்னால் கையை விரித்து நின்று, "என் பிணத்தின் மேல்தான் இவற்றை—"

கதைக்கு ஒரு தடை வேண்டும் அல்லவா? அவரைத் தடையாக்கினேன். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, ரெண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன், மிஷன் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர். விறைப்பான மனிதராகத்தான் இருப்பார் என்று நானாகவே முடிவுகட்டிவிட்டேன்.

அக்கா அந்தப் பக்கத்தை நீளமாகக் கிழித்தாள். "அவரைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?" என்றாள்.

நடந்தது இதுதான். போதகர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். திறந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் பெட்டியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

4

(இந்த இடத்தை வேகமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

படகுக்காரரும் போதகரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டார்கள். மறுமுனை ஆலயத்தின் தூணில். அக்கா உருட்டிவிட, அவர்கள் இருவரும் அடுக்கினார்கள். முதல் நாலு பெட்டி போன இடம் தெரியவில்லை. ஐந்தாவது நின்றது. அதன்மேல் ஒன்று, பக்கத்தில் ஒன்று. ஐம்பத்தாறு பெட்டி உள்ளே போனபோது தண்ணீருக்கு மேலே ஒரு பாதை எழுந்திருந்தது. மேல்வரிசை நகராமலிருக்கப் போதகர் வெட்டுக்குள் நின்று முதுகால் முட்டுக் கொடுத்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். கைக்குழந்தைக்காரி வந்தாள். நடக்க முடியாத ஒருவரைப் படகுக்காரர் முதுகில் சுமந்து வந்தார். ஒவ்வொருவர் கால் வைக்கும்போதும் போதகரின் கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது. துடைக்கக் கை இல்லை.

முப்பது பேர் வந்தாயிற்று. கோழிக்காரம்மா வரவில்லை.

முட்டை விற்றுப் பிழைக்கிறவர். இரண்டு வருடத்துக்கு முன்பு போதகர் துண்டுப் பிரசுரத்தோடு போனபோது, முட்டை வேண்டுமானால் வா, இந்தக் காகிதத்தோடு வராதே என்று வாசலிலேயே சொன்னவர். அன்றிலிருந்து போதகர் வாரந்தோறும் முட்டை மட்டும் வாங்கினார். இப்போது கோழிக்காரம்மா ஒரு கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையின் அந்த முனையில் நின்றார். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று படகுக்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டிருந்தார்.

"புஸ்தகத்தை நான் மிதிக்க மாட்டேன்" என்றார். "யாரு சாமி புஸ்தகமா இருந்தா என்ன?"

அவருக்குப் பின்னால் சுவரிலிருந்து செங்கல் உதிர்ந்தது. அக்கா கத்தினாள். கோழிக்காரம்மா அசையவில்லை.

கழுத்துவரை நனைந்திருந்த போதகர் தலையை மட்டும் திருப்பினார். குரலை உயர்த்தவில்லை.

"அம்மா, இதுக்குள்ள எழுதியிருக்கிறதே நீங்க பொழைக்கணும்னுதான். மிதிங்க."

கோழிக்காரம்மா அவரையே பார்த்தார். "அப்ப நீங்களே அந்தப் புஸ்தகத்துகிட்ட சொல்லிடுங்க" என்றார். ஆறே எட்டு. இந்தப் பக்கம் வந்துவிட்டார், கோழியோடு.

கால்மணி நேரத்தில் சுவர் விழுந்தது. ஒரு மணி நேரத்தில் பெட்டிகளை ஆறு கொண்டுபோனது.

5

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மிஷன் தலைமையகத்திலிருந்து போதகருக்குக் கடிதம் வந்தது. பெட்டிகள் என்னவாயின என்று கேட்டிருந்தார்கள். போதகர், 'வெள்ளத்தில் சேதமடைந்தன' என்று எழுதினார். பொய்யில்லை. தானே படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டார். அடுத்த தாளில் எல்லாவற்றையும் எழுதினார்: முதல் பெட்டியை வைத்தது நான், மிதிக்கச் சொன்னது நான், முப்பத்தொரு பேர். அவர் மனைவி படித்துவிட்டு, வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால் எங்கே போவது என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு உறையை அவரே ஒட்டினார்.

அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை.

நான் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாராட்டு வருகிறது. மிட்டாய் தின்ற மாதிரி இருந்தது. இன்னொன்றில் வேலை போகிறது. அவருடைய சின்ன மகள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிற இடத்தில் பேனாவை மூடிவிட்டேன். இரண்டையும் அக்காவிடம் காட்டவில்லை.

ஆகவே வாசகரே, எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள். இது தலைமையகத்தின் அறை. நாற்காலி உங்களுடையது. மேசைமேல் அவர் கடிதம் பிரித்துக் கிடக்கிறது; நீங்கள் படித்தாயிற்று. பதில் எழுதத் தாள் இருக்கிறது. முதல் வரியை மட்டும் நான் போட்டுத் தருகிறேன்.

அன்புள்ள போதகருக்கு,