பன்னிரண்டு இஞ்சா, பதினெட்டு இஞ்சா

ஏணியைச் சுவரில் சாய்த்தபோதே மாரிசெல்வி சீலிங்கை அண்ணாந்து பார்த்தாள். மூன்று நாளாக ஏதேதோ சாக்குச் சொல்லி இந்த வேலையைத் தள்ளிப்போட்டிருந்தாள். புருஷன் முனியராஜ் கேட்கவில்லை. திருத்தங்கலிலிருந்து எலெக்ட்ரீசியன் சோணைமுத்துவைக் கையோடு கூட்டிவந்துவிட்டான்.

முனியராஜ் பக்கம் நியாயம் இருந்தது. ஏழாயிரம்பண்ணை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கி, கீழே அடித்திருந்த பலகை சீலிங்குக்கு மேல் அடைந்து கிடந்தது. தொட்டிலில் ஐந்து மாதப் பிள்ளை, உடம்பெல்லாம் வேர்க்குரு, முந்தாநாள் காய்ச்சல் வேறு. மேல்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்துச் சூட்டை வெளியே தள்ளினால் பிள்ளை தூங்கும். பெற்றவளே வேண்டாம் என்றால் யாருக்குத்தான் விளங்கும்?

"பதினெட்டு இஞ்சே மாட்டிருலே. பெருசா இருந்தாத்தான் இழுக்கும்," என்றான் முனியராஜ்.

"பெருசு மாட்டுனா மட்டும் ஆச்சாண்ணே? வெளிய தள்ளுற அம்புட்டுக் காத்தும் உள்ள வர வழி வேணும்லா. இந்த வீட்டுக்குப் பன்னெண்டு இஞ்சே போதும்னு தோணுது. எதுக்கும் ஏறி, கூரையோரத்துல சந்து எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்," என்றான் சோணைமுத்து.

"மேல ஒரே தூசி. கீழ இருந்தே சொல்லுங்களேன்," என்றாள் மாரிசெல்வி.

"தூசிக்குப் பயந்தா நாங்க சோறு திங்க முடியுமா மதினி?" சிரித்துக்கொண்டே ஏறிய சோணைமுத்து, சீலிங் பலகையைத் தள்ளித் திறந்து கையைக் கீழே நீட்டினான். "டிரில்லைக் குடுங்கண்ணே. சுவரு செங்கலா கல்லான்னு ஒரு ஓட்டை போட்டுப் பாப்போம்."

முனியராஜ் இடது கையால் டிரில்லை எடுத்தான். அந்தக் கையில் இரண்டு விரல்கள் ஒட்டிக் கிடந்தன. பட்டாசு ஷெட்டில் நெருப்புப் பட்டது. இனி வெடிமருந்து ஒரு சிட்டிகைகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று பிள்ளை தலைமேல் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

"ஐயோ, போடாதீக! மேல கருந்திரி கெடக்கு!"

சோணைமுத்து இறங்கி, பிளக்கைப் பிடுங்கினான். மருந்து தோய்த்த வெடித்திரி அது. முனியராஜ் வேலைக்குப் போன நேரத்தில் அவள் மருந்து வாங்கிவந்து, அனுமதியில்லாமல் வீட்டிலேயே கூலிக்குச் செய்தது. வெளியே காயப்போட்டால் போலீஸ் கண்ணில் படும்; சீலிங்குக்கு மேல் போட்டால் கூரைச் சூட்டில் இரண்டே நாளில் காய்ந்து முறுகிவிடும்.

"எங்கன?" என்றான் முனியராஜ்.

அவள் விரலை உயர்த்திக் காட்டினாள். விரலுக்கு நேர் கீழே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் அது அவள் கண்ணில் படவே இல்லை.

முனியராஜ் பிள்ளையைத் தூக்கிப்போய் வாசலுக்கு வெளியே போய் நின்ற சோணைமுத்துவிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"ஃபேன் வேண்டாம் வேண்டாம்னியே, எதுக்கு?"

"சூடு கொறைஞ்சா திரி காயாதுங்க."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முனியராஜ் திரிமேல் போர்த்த ஒரு சாக்கைத் தண்ணீரில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான்.

வெளியே பிள்ளை அழுதது. மாரிசெல்வி ஓடிப்போய்க் கையை நீட்டினாள். சோணைமுத்து ஓர் எட்டுப் பின்னால் போனான்.

"அண்ணன் இறங்கட்டும் மதினி," என்றான்.