கேட்ட காது

றோஸ்மலர் பஞ்சை நனைத்துக் கணவனின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது குணரெத்தினம் கண்ணைத் திறந்தார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி ஐந்து நாளாகியிருந்தது. நேற்று முழுக்க ஒரு சொல் இல்லை.

"நீ என்ன மன்னிச்சிட்டியா?" என்றார்.

மெல்லிய குரல்தான். ஆனாலும் அவளுடைய வலக்காதில் தெளிவாக விழுந்தது. றோஸ்மலர் தலையைத் திருப்பி, இடக்காதை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"கேக்கல்லங்க. என்ன சொன்னீங்க?"

அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி போய்ப் பதினேழு வருடம். குணரெத்தினம் அப்போது செங்கலடிப் பக்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வவுணதீவு வீட்டுக்கு வந்தவர், கதவு திறக்கச் சுணங்கிவிட்டதென்று ஓங்கி ஒன்று அறைந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக அவள் டொக்டரிடம் சொன்னாள். மகள் பிரஷாந்திக்கு அப்போது நாலு வயது.

பிறகு ஒரு காலம் வந்தது. இருவரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அவர் குடியை விட்டார், கை ஓங்குவதையும் விட்டார். அதில் பொய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நின்று சாட்சி சொன்னார்.

"இந்தக் கையாலதான் என்ட பொஞ்சாதிட காதச் செவிடாக்கினன். கர்த்தர் என்ட பாவத்த எல்லாம் கழுவிப் போட்டார்."

சனம் அழுதது. போதகர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு இருவருடைய கைகளையும் சேர்த்து வைத்தார். யாரோ படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து குணரெத்தினம் வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தார். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

வியாழக்கிழமைகளில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவள் றோஸ்மலர்தான். புருசனிடம் அடிவாங்கிய பெண்கள் வந்து அழுவார்கள். "மன்னிச்சிரு புள்ள. உனக்குத்தான் அது விடுதலை" என்பாள். சொல்லும்போது மனதாரத்தான் சொல்வாள். ஒவ்வொரு விடியலிலும் முழங்காலில் நின்று தானும் மன்னிப்பாள். அடுப்பில் தேத்தண்ணி கொதிக்கும் முன்னமே அந்தக் கசப்பு திரும்பி வந்து நிற்கும். உபவாசம் இருந்து பார்த்தாள். பத்து நாள் லேசாக இருக்கும். அப்புறம் ஒருநாள் அவர் இடப்பக்கம் நின்று தலை துவட்டத் துவாயைக் கேட்பார். அவளுக்குக் கேட்காது.

"செவிடி மாதிரி நிக்காய்" என்பார், சிரித்துக்கொண்டு.

இப்போது அவர் இரண்டாம் முறை சொன்னார். இடக்காதில் வெறும் மூச்சுத்தான் பட்டது, சூடாக. என்ன சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும். பதிலுக்கு ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது தொண்டை வரை வந்தும்விட்டது. ஆனால் அவர் கேட்க, தான் கேட்காமல் நிற்பதில் ஒரு சந்தோசம் இருந்தது. அதை அவள் உடனே அடையாளம் கண்டாள். இத்தனை வருடமும் முழங்காலில் நின்று போராடியது இதோடுதான். கர்த்தாவே இதை எடுத்துப்போடும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். கெஞ்சிக்கொண்டே காதை எடுக்காமல் வைத்திருந்தாள்.

"அவசரமில்ல, ஆறுதலாச் சொல்லுங்க" என்றாள்.

மூச்சு இன்னொரு தரம் பட்டது. அதற்குப் பிறகு படவில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். காலை பத்தேகால். ஜன்னலுக்கு வெளியே வெயில் ஏறியிருந்தது.

"ஓம், மன்னிச்சிட்டன்" என்றாள். வாய் கூசாமல் வந்தது. இனி அவருக்குக் கேட்காது என்பதால்தான் அவ்வளவு லேசாக வந்தது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

வந்தாறுமூலை கம்பஸில் படிக்கும் பிரஷாந்தி மத்தியானத்துக்கு முன் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, தாயின் வலப்பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்டும் விளங்கல்ல மகள்."

"ஏதும் கேட்டாரா?"

றோஸ்மலர் அவர் இடுப்பில் உடுத்தியிருந்த சாறத்தின் சுருக்கை நீவிவிட்டாள். மகள் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் பின்னேரம் சவக்காலையில் குழியருகே நின்று போதகர் பேசினார். "கேக்காத காதோடயும் இந்தச் சகோதரி அவர் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடிவந்தவ. மன்னிப்பெண்டா என்னெண்டு தெரியோணுமெண்டா இவவப் பாருங்க" என்றார். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துக்கம் தாங்காமல் குனிகிறாள் என்று நினைத்து ஒருத்தி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். றோஸ்மலர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து பரிமாறினாள். பிரஷாந்தி சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. றோஸ்மலர் ஒரு வாய் வைத்தாள். பசித்தது. அவளால் நம்பமுடியாத அளவுக்குப் பசித்தது. தன்னுடையதை முடித்துவிட்டும் கை கழுவ எழும்பாமல் இருந்தாள்.

மகள் தன் கோப்பையைத் தாயின் பக்கம் நகர்த்தினாள். றோஸ்மலர் அதையும் பிசைந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பையின் ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.