ஓரத்துக்கு வெளியே

“கேமராவ இன்னும் இந்தப் பக்கம் திருப்பு. அந்தப் பொண்ணு தெரியக் கூடாது,” என்றாள் அம்மா.

மகள் டீத்தாஸ் கேமரா ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தினாள். சவப்பெட்டியில் அப்பா, கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளை பரோங் சட்டையில் கிடந்தார். இந்தப் படம் எடுத்ததும் மூடிவிடுவார்கள். தலைமாட்டில் அம்மாவும் தம்பி நோனோயும் நின்றார்கள். கால்மாட்டில், சுவரையொட்டி ஆர்லின். கிமாராஸ் தீவில் அப்பாவுக்கு இருந்த இன்னொரு வீட்டின் மகள். காலைப் படகில் வந்தவளுக்கு யாரும் ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை.

“வெளிய தள்ளிடட்டுமா?” என்றான் நோனோய்.

“அப்பா முன்னாடி கைய நீட்டாத. படத்துல வராம நான் பாத்துக்கறேன்,” என்றாள் டீத்தாஸ்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்தாள். போகஸ் சேராமல், நடுவட்டத்தில் அம்மாவின் முகம் மூக்குக்குக் கீழே விலகி, இரண்டு துண்டாகத் தெரிந்தது. லென்ஸ் வளையத்தை மெல்லத் திருகி, இரண்டும் ஒட்டும்வரை கொண்டுவந்தாள். சட்டத்தின் வலது ஓரம் பெட்டியின் பித்தளைப் பிடியோடு முடிந்தது. ஆர்லின் அதற்குச் சற்றே வெளியில் இருந்தாள்.

அம்மா நேரே வந்தாள். “நகரு, நானே பாக்கறேன்.” குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “ம். தெரியல.” திரும்பிப் போய் நின்றாள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று டீத்தாஸுக்குத் தெரியும். இந்தக் கேமராவில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிலிமில் விழும். ஸ்டூடியோவில் அவள் எடுத்த கல்யாணப் படங்களில், ஒதுக்கிவிட்டதாக நினைத்த நாற்காலிகளும் துடைப்பங்களும் ஓரத்தில் வந்து நின்றிருக்கின்றன. பிரிண்ட் போடும்போது அவளேதான் அவற்றை வெட்டுவாள்.

ஆர்லின் வாசலை நோக்கி அடியெடுத்து வைத்தாள்.

“அங்கயே நில்லு,” என்றாள் டீத்தாஸ்.

அம்மாவின் தலை திரும்பியது. “யார்கிட்ட சொல்ற?”

“நோனோய்கிட்ட. ஆடிக்கிட்டே இருக்கான். நீ இங்க பாரும்மா.”

நோனோய் அசையவே இல்லை. அக்காவைப் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் ஆர்லினைப் பார்த்தான். அவன் தாடை இறுகியது.

“சரி. நிக்கறேன், எடு,” என்றான்.

டீத்தாஸ் வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். ஆர்லின் சுவரோரம் திரும்பி வந்திருந்தாள். கன்னத்தில் ஒட்டியிருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.