கொக்கைச் சுற்றி வளைந்த கயிறு

ஒன்பதாம் எண் பேருந்துக்கு முந்தின நாள் மாலை பச்சை விளக்குத்தான் எரிந்தது. அதை நம்பித்தான் இன்று காலை அவளுடைய அண்ணன் அந்த வண்டியை மலைமேல் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். இருந்தும், பணிமனையின் மாடியறையில் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அவள் நேற்றைய பதிவையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைதான், சரி. ஆனால் எவ்வளவு பச்சை?

அந்த விளக்கு அவள் செய்தது. மாலையில் திரும்பும் ஒவ்வொரு பேருந்தும் வாயிலுக்குள் நுழைந்ததும் ஒரு வெள்ளைக் கோட்டில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். கோட்டருகே கட்டைவிரல் அளவில் ஒரு மைக் இருக்கும். பிரேக் பிடிக்கும் ஓசையை அது கேட்டு மேலே அனுப்பும். அவள் எழுதிய நிரல் அந்த ஓசையை அளந்து, நல்ல பிரேக் என்றால் பச்சையும் கெட்ட பிரேக் என்றால் சிவப்பும் காட்டும். சிவப்பு விழுந்த வண்டி பழுது பார்க்காமல் மறுநாள் வெளியே போகக்கூடாது.

நிரலின் முறைக்கு சப்போர்ட் வெக்டர் மெஷின் என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்ன முதல் நாளே ஓட்டுநர்கள் கொட்டாவி விட்டார்கள். ஆகவே அவள் ஒரு கதை சொன்னாள்.

"ஒரு குளம். அதுல ஒரு பக்கம் வாத்துங்க, இன்னொரு பக்கம் கொக்குங்க. நடுவுல ஒரு கயிறு கட்டணும்."

"எதுக்கும்மா கட்டணும்? அதுங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் ஒருவர்.

"வாத்து நல்ல பிரேக்கு, கொக்கு கெட்ட பிரேக்கு. இப்ப கட்டலாமா?"

"கட்டு, கட்டு."

"ரெண்டு கூட்டத்துக்கும் முடிஞ்ச அளவுக்குத் தள்ளி, நட்ட நடுவுல கயிறு போகணும். தூரத்துல தூங்குற பறவைங்களப் பத்திக் கவலையே இல்ல. ஓரத்துல நிக்கிற நாலஞ்சு பறவைதான் கயிறு எங்க போகணும்னு முடிவு பண்ணும். மத்ததெல்லாம் பறந்து போனாலும் கயிறு அசையாது."

"நம்ம பணிமனை மாதிரியே இருக்கு பாப்பா" என்றான் அண்ணன். "நாலஞ்சு பேர் வேலை செய்யிறோம். மத்தவங்க தூங்குறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனைப் பணிமனையில் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். விசில் ஊத நடத்துநர் இருக்கும்போதே, வண்டியைக் கிளப்புமுன் இரண்டு சுரம் சீட்டியடிக்காமல் அவனுக்குக் கை கியருக்குப் போகாது.

குளத்துக்குப் பறவைகளைச் சேர்க்க அவளுக்கு ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது. மாலையில் மைக் ஓசைகளைச் சேகரிக்கும். பிரேக் வேலை பார்க்கும் மேஸ்திரி இரவில் வண்டிகளைச் சோதித்து, வெளியே போகக்கூடாத வண்டியின் முன் சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். அது அந்தப் பணிமனையின் நெடுநாள் வழக்கம். காலையில் அவள் வண்டிகளைச் சுற்றி வருவாள். குறி இருந்தால் முந்தின மாலை ஓசைக்குக் கெட்டது என்று பெயர். குறி இல்லாவிட்டால் நல்லது.

கயிறு கட்டும் நேரத்தில் மேலாளர் வந்து நின்றார். "நூத்துக்கு நூறு வேணும்மா. ஒண்ணுகூடத் தப்பக்கூடாது. ஏதாவது ஆச்சுன்னா பேப்பர்ல என் போட்டோதான் வரும், உன் போட்டோ வராது."

நிரலில் கண்டிப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு வசதி உண்டு. குறைத்து வைத்தால் ஓரிரு பறவைகள் தவறான பக்கத்தில் நின்றாலும் கயிறு பொறுத்துக்கொண்டு நேராகப் போகும். கூட்டினால் ஒவ்வொரு பறவைக்காகவும் வளைந்து நெளிந்து போகும். அவள் கூட்டினாள். நூற்றுக்கு நூறு வந்தது. மேலாளர் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

இப்போது திரையில் அந்தக் கயிறு ஒரு கோடாக ஓடியது; ஒன்பதாம் எண் பேருந்தின் புள்ளி அதை ஒட்டி, மயிரிழை அளவுக்குத்தான் பச்சைப் பக்கம் நின்றது. அது மட்டுமல்ல. சரியாக அந்த இடத்தில் கோடு ஒரு மூக்கைப் போலச் சிவப்புப் பக்கத்துக்குள் புடைத்துக்கொண்டு போயிருந்தது. மூக்கின் நுனியில் ஒரேயொரு பழைய புள்ளி இருந்தது. நான்காம் எண் பேருந்து, மழைக்காலத்தில் ஒரு மாலை, நல்லது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதலில் நான்காம் எண்ணின் பழைய ஓசையைக் கேட்டாள். பிறகு ஒன்பதாம் எண்ணின் நேற்றைய ஓசையைக் கேட்டாள். இரண்டின் முடிவிலும் தகரத்தில் ஆணியால் கீறுவதுபோன்ற அதே மெல்லிய கரகரப்பு இருந்தது.

படிகளில் இறங்கி ஓடினாள். மேஸ்திரி ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார்.

"மேஸ்திரி, நாலாம் நம்பர் வண்டி. மழைக்காலத்துல ஒரு நாள் பிரேக்கு கரகரன்னு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"அதை மறப்பேனா?" அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "பிரேக்குப் பட்டையோட லைனிங்கு, அதைப் பிடிச்சிருக்கிற ரிவெட்டு வரைக்கும் தேஞ்சு கெடந்துச்சு. கேட்டுல நின்ன சத்தத்தக் கேட்டதுமே, நேரா இங்க கொண்டான்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரியே மாத்தியாச்சு."

"அப்ப சக்கரத்துல குறி?"

"குறி எதுக்கும்மா? வேலை பாக்கவேண்டிய வண்டிக்குத்தானே குறி. முடிஞ்ச வண்டிக்கு யாராவது போடுவாங்களா?"

மேஸ்திரி தலையை வெளியே நீட்டி அவள் முகத்தைப் பார்த்தார். "ஏன், நான் ஏதாவது தப்பாச் செஞ்சிட்டேனா?"

"இல்ல மேஸ்திரி. நீங்க ரொம்பச் சரியாச் செஞ்சிட்டீங்க. அதான்…"

மாலையில் கெட்ட பிரேக்கின் ஓசையோடு வந்த வண்டி, காலையில் குறியில்லாத சக்கரத்தோடு நின்றிருக்கிறது. அவள் அந்த ஓசைக்கு நல்லது என்று பெயர் வைத்திருக்கிறாள். குளத்தின் கரையில் ஒரு கொக்கு. அதை வாத்து என்று எழுதிவிட்டாள். ஒன்றுகூடத் தப்பக்கூடாது என்று கட்டிய கயிறு, அந்தக் கொக்கைச் சேர்த்துக்கொள்ள வளைந்து போயிருக்கிறது. இப்போது அந்த வளைவுக்குள் இன்னொரு கொக்கு வந்து நின்றுகொண்டு, தானும் வாத்து என்கிறது.

மாடிக்கு வந்து நான்காம் எண்ணின் அந்த ஓசைக்கு வைத்த பெயரை மட்டும் கெட்டது என்று மாற்றி நிரலை மறுபடி ஓட்டினாள். மூக்கு மறைந்தது, கோடு நேரானது. ஒன்பதாம் எண் சிவப்புக்குப் போனது.

வண்டி மலையுச்சி நிறுத்தத்திலிருந்து பதினொரு மணிக்கு இறங்கத் தொடங்கும். இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை.

வழியில் இருக்கும் வண்டியை நிறுத்திவைக்க மேலாளரின் உத்தரவு வேண்டும். அவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நேத்து பச்சைன்ன. இன்னைக்குச் சிவப்புங்கிற. நாளைக்கு என்ன கலரும்மா?"

"சார், இப்ப இறங்கிடுவாங்க."

"பிரேக்கு நல்லா இருந்துச்சுன்னா? அத்தனை பேரை நடு வழியில வெயில்ல நிறுத்தி வெச்சதுக்கு யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நல்லா இல்லாம இருந்தா?"

"அதுக்கும் நான்தான் சார்."

மேலாளர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தொலைபேசியை அவள் பக்கம் தள்ளினார். "கூப்பிடு."

ஓட்டும்போது அண்ணன் கைப்பேசியை அணைத்துவிடுவான். நடத்துநரின் எண் கிடைக்கவில்லை. மலையில் அது பாதி நாள் கிடைக்காது. உச்சி நிறுத்தத்தில் இருக்கும் டீக்கடைக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கடைக்காரர் எடுத்தார்.

"ஒன்பதாம் நம்பரா? இதோ, கடைக்கு எதிர்க்கதான் நிக்குது. சனம் ஏறிட்டிருக்கு."

"தங்கச்சி பேசுறேன்னு சொல்லி ஓட்டுநரைக் கூப்பிடுங்க. பிரேக்குல சந்தேகம். இறங்கக்கூடாது."

அவர் பதில் சொல்வதற்குள், தூரத்திலிருந்து, அவள் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய அந்த இரண்டு சுரச் சீட்டி காதில் விழுந்தது.

"அடடா, கிளப்பிட்டாரும்மா!"

"ஓடுங்க! முன்னாடி போய் நில்லுங்க!"

"பிரேக்கு சரியில்லன்னு நீங்கதான் சொல்றீங்க. முன்னாடி வேற நிக்கச் சொல்றீங்களே!"

"பக்கத்துல நின்னு கையைக் காட்டுங்க, புண்ணியமாப் போகும்!"

ரிசீவர் மேசையில் விழும் சத்தம். செருப்புச் சத்தம். ஒரு கூச்சல். இன்ஜின் உறுமி உயர்ந்தது. அவள் மேலாளரின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மேலாளரும் எழுந்து நின்றுவிட்டார். உறுமல் நகர்வதுபோலவும் இருந்தது, நகராததுபோலவும் இருந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வண்டி நின்றுவிட்டதா, வளைவைத் தாண்டிப் போய்விட்டதா என்று அந்த அமைதியிலிருந்து கண்டுபிடிக்க அவளிடம் எந்த நிரலும் இல்லை.

"என்ன பாப்பா?"

அண்ணனின் குரல்தான். அவள் மேசை விளிம்பை விட்டாள்.

"சொல்லு. உள்ள ஒருத்தர், தங்கச்சி போன் பண்ணினாலே நிக்கிற வண்டியா இதுன்னு கேக்குறாரு."

"அண்ணா, பிரேக்கு சரியில்லன்னு நெனைக்கிறேன். இறங்காத."

"நேத்து பச்சைன்னியே?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

"காலுக்கு ஒண்ணும் தெரியலையே."

"ஏறும்போது எங்க மிதிச்சிருப்ப? இறங்கும்போதுதானே முழுசா மிதிக்கணும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்ல வாய் வரை வந்தது. "நிச்சயமாத் தெரியாது" என்றாள்.

"இத்தனை நாளா வாயத் தொறந்தா நூத்துக்கு நூறுன்னே சொன்னவ நீ. இப்ப தெரியாதுங்கிற. அதான் எனக்குப் பயமா இருக்கு. இரு, சாவிய எடுத்துட்டு வந்துடறேன்."

மேஸ்திரி லைனிங்கும் ஜாக்கியும் ஏற்றிக்கொண்டு பணிமனை வேனில் மலையேறினார். அவர் போய்ச் சேர்ந்து, சக்கரத்தைக் கழற்றி, அழைக்கும் வரை அவள் அந்த இரண்டு ஓசைகளையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை கேட்டால் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அடுத்த தடவை கேட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல இருந்தன.

"பின்னால இடது சக்கரம்" என்றார் மேஸ்திரி. "லைனிங்கு ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு. ரிவெட்டுத் தலை எட்டிப் பாக்குது."

"அதோட இறங்கியிருந்தா மேஸ்திரி?"

"இறங்கி வந்திருக்கலாம். மூணாவது வளைவுல வராமலும் போயிருக்கலாம். அதை மட்டும் என்னைக் கேக்காதம்மா."

அன்று மாலை ஒன்பதாம் எண் வெள்ளைக் கோட்டில் வந்து நின்றபோது பச்சை எரிந்தது. அண்ணன் விளக்கைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்து மாடி ஜன்னலைப் பார்த்தான். அவளும் விளக்கைப் பார்க்கவில்லை. கோட்டிலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று திரையில் பார்த்து, தள்ளித்தான் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கையை உயர்த்திக் காட்டினாள்.

மறுநாள் அவள் ஓசைகளுக்கு வைத்த பழைய பெயர்களையெல்லாம் மேஸ்திரியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார்த்தாள், கண்டிப்பைக் குறைத்தாள். கழித்துப் போட்ட ஒரு பேருந்திலிருந்து திருப்பத்துக்குக் காட்டும் மஞ்சள் விளக்கை மேஸ்திரி கழற்றிக் கொடுத்தார். அதை இரண்டு விளக்குகளுக்கும் நடுவில் பொருத்தினார்கள். திரையில் கோட்டின் இரு பக்கமும் ஒரு சாலை போல இடம் ஒதுக்கி, அதற்குள் விழும் எந்த ஓசைக்கும் மஞ்சள் எரிய வைத்தாள்.

"மஞ்சள்னா என்ன அர்த்தம்?" என்றார் மேலாளர்.

"எனக்குத் தெரியலன்னு அர்த்தம் சார்."

"இதைச் சொல்லவா உனக்குச் சம்பளம்?"

"இதையும் சொல்லத்தான் சார்."

அதற்குள் இரண்டாம் எண் பேருந்து கோட்டில் வந்து நின்றது. நடு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் இறங்கி, "இது என்ன புதுசா?" என்று தலையைச் சொறிந்தார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்தாள். வண்டியை நேராகத் தம் இடத்துக்குக் கொண்டுவரும்படி மேஸ்திரி கையைக் காட்டினார். ஸ்பேனரை எடுக்கக் குனிந்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு நிமிர்ந்து, சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, முன் சக்கரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, அப்புறம்தான் வண்டிக்கு அடியில் போனார்.