நாலு விரல் அறுத்த கியர் ராடு

எங்க வீட்டுக்காரருக்குக் கார் ஓட்ட வராது. இதை யாராவது சொன்னா அவருக்குக் கோபம் பொத்துக்கிட்டு வரும். மூணு தடவை டெஸ்ட்டுக்குப் போனார், மூணு தடவையும் ஃபெயில். முதல் தடவை க்ளட்ச் சரியில்லையாம். ரெண்டாவது தடவை சீட்டு உயரமாம். மூணாவது தடவை கியர் ராடு நீளமாம். நானோ டிரைவிங் ஸ்கூல் நடத்துறவ. பத்தொன்பது வருஷமா எத்தனையோ பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக் கொடுத்துட்டேன், கட்டினவருக்கு மட்டும் முடியல.

போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டுச் சாயங்காலம் திரும்பி வந்தேன். சாப்பாட்டு மேசை மேல பேப்பரை விரிச்சு, அதுல ரம்பம், இரும்புத்தூள், என் நல்ல துண்டு. துண்டு பூரா கிரீஸ். ஐயா சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். என் ஸ்கூல் காரோட கியர் ராடை நாலு விரல் அளவுக்கு அறுத்துட்டு, மேல பளபளன்னு ஒரு உருண்டையைத் திருகி வச்சிருக்கார். ஷார்ட் ஷிஃப்டராம். வீடியோ பார்த்துக் கத்துக்கிட்டாராம். கை இத்தனூண்டு அசைஞ்சாப் போதும், கியர் விழுமாம், ரேஸ் வண்டியில எல்லாம் அப்படித்தானாம். அடுப்பில பால் பொங்கினா யாரைக் கூப்பிடலாம்னு யோசிக்கிற மனுஷனுக்கு ரேஸ் கேக்குது.

ஷார்ட் ஷிஃப்டர்னா தலையை அறுக்கிறது இல்ல, அதுக்குன்னு அளவெடுத்துச் செஞ்ச ராடை மாத்தி மாட்டணும்னு சொன்னேன். எனக்குப் புதுசா எதுவும் பிடிக்காதுன்னுட்டார். அப்புறம்தான் மேசை ஓரத்துல ஒரு டப்பாவைப் பார்த்தேன். உள்ளே ஒரு வளையமும் ஸ்பிரிங்கும் கிடந்தது. அந்த வளையத்தை விரலால தூக்கினாத்தான் என் கார்ல ரிவர்ஸ் விழும். ஃபர்ஸ்ட்டுக்குப் பக்கத்துலயே ரிவர்ஸ் இருக்கு, தெரியாம அதுல போயிடக் கூடாதுன்னுதான் அந்தப் பூட்டு.

"அது மிச்சமாயிடுச்சு. அது இல்லாமலே நல்லாத்தான் விழுது" என்றார்.

தலையில அடிச்சுக்கிட்டேன். மறுநாள் காலையில ஒன்பதரைக்கு என் ஸ்டூடன்ட் ஒருத்திக்கு டெஸ்ட். அவ ஒரு நர்ஸ். வீடு வீடாப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைச்சிருக்கு. செவ்வாய்க்கிழமை லைசென்ஸோட போய் நிக்கணும், இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. வெல்டிங் பட்டறை திங்கள் பத்து மணிக்குத்தான் திறக்கும். எதிர்த் தெரு டிரைவிங் ஸ்கூல்காரர்கிட்டே அவரோட காரைக் கேட்டிருக்கலாம். ஆனா என்னன்னு கேக்குறது? என் புருஷன் ரம்பம் வச்சு அறுத்துட்டார்னா? அந்த மனுஷன் சிரிச்சே ஒரு வாரம் ஓட்டுவார். எனக்கு மானம் போகும். போனை எடுத்தேன், திரும்ப வச்சுட்டேன்.

காலையில நானே ஓட்டிப் பார்த்தேன். ராடு முரடாத்தான் இருந்தது, ஆனா என் கை தடுமாறல. நர்ஸ்கிட்டே, ஃபர்ஸ்ட் போடும்போது ரொம்ப இடது பக்கம் தள்ளாதேன்னு மட்டும் சொன்னேன். ஏன்னு கேட்டா. ராடு கொஞ்சம் மாத்தியிருக்குன்னு சொல்லி முடிச்சுட்டேன். சந்துல நாலு தடவை போட்டா, நாலும் சரியா விழுந்தது. பின் சீட்டுல எங்க வீட்டுக்காரர் வேற. தன் கைவண்ணத்தைப் பார்க்க ஆபீசுக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தார்.

மைதானத்துல நானும் அவரும் இறங்கிக்கிட்டோம். டெஸ்ட் ஆபீசர் ஏறி உட்கார்ந்து, கிளம்பும்மான்னார். ராடை ரொம்ப இடது பக்கம் தள்ளிட்டா போல, ஃபர்ஸ்ட்டுக்குப் பதிலா ரிவர்ஸ் விழுந்துடுச்சு. கார் அப்படியே பின்னால போய் ரெண்டு கம்பத்தைச் சாய்ச்சுட்டு நின்னுது. ஆபீசர் ஃபெயில்னு எழுதிட்டு இறங்கினார். அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சுன்னார். அவ ஸ்டியரிங்கை விடாம உட்கார்ந்திருந்தா.

"பதறிட்டா. நிதானம் இல்ல" என்று எங்க வீட்டுக்காரர் என் காதுகிட்ட சொன்னார். மூணு தடவை ஃபெயிலானவர் சொல்றார்.

ஓடிப் போய் ஆபீசர்கிட்டே, தப்பு அவளோடது இல்ல, வண்டியோடதுன்னேன். அப்படின்னா எழுதிக் கொடுங்கன்னு ஒரு ஃபாரத்தை நீட்டினார். வண்டிப் பழுதுன்னு நான் கையெழுத்துப் போட்டா இந்த டெஸ்ட் செல்லாது, மத்தியானமே வேற வண்டியில திரும்ப வைப்பாங்க. ராடு அறுத்தது, வளையத்தைக் கழட்டினது, எல்லாத்தையும் எழுதினேன். கடைசியில ஒரு கேள்வி: பழுது முன்னாடியே தெரியுமா, தெரியாதா?

"தெரியாதுன்னு போடு. தெரியும்னா மூணு மாசம் உன் ஸ்கூலை மூடிடுவாங்க" என்றார் எங்க வீட்டுக்காரர். வாழ்க்கையில முதல் தடவையா அவர் சொன்னது சரியா இருந்தது.

நர்ஸ் என் தோள் பக்கத்துல நின்னு அந்தக் காகிதத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. 'தெரியும்'னு எழுதினேன்.

நானே போன் பண்ணிக் கேட்டதும், மத்தியானம் எதிர்த் தெருக்காரர் காரைக் கொண்டு வந்தார். சிரிக்கக் கூட இல்ல, சாவியை அவ கையில கொடுத்து, தைரியமாப் போம்மான்னார். பாஸாயிட்டா. அவருக்குக் கும்பிடு போட்டுட்டு, என்னைத் தாண்டி வாசலுக்கு நடந்தா.

"அளவுதான் தப்பு. மூணு விரல் அறுத்திருக்கணும்" என்றார் எங்க வீட்டுக்காரர்.

வாசல்ல அவ ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்துட்டுப் போனா. பத்தொன்பது வருஷமா நான் அவரைப் பார்க்கிற அதே பார்வை.