மடி நெல்

அகிலாண்டம் குதிகாலை இழுத்து இழுத்து நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கொள்முதல் நிலையக் களத்தில் இது பன்னிரண்டாவது நாள். பொழுது நன்றாக ஏறியும் அவள் நிழல் தரையில் விழவில்லை. சித்திரையில் இந்தோனேசியாப் பக்கம் எரிமலை வெடித்ததிலிருந்து வானம் சாம்பல் கரைத்த தண்ணீராகவே நின்றது. புரட்டாசி வந்தும் வெயிலைக் காணோம். குறுவையில் பாதி பதராகப் போய், மிச்சம் முப்பது மூட்டை இங்கே கிடந்தது.

நிலையத்து எழுத்தர் இளம்பரிதி ஒரு பிடி நெல்லை ஈரப்பத மிஷினில் போட்டுப் பார்த்தான்.

"இருபத்திரெண்டு காட்டுதும்மா. பதினேழுக்குள்ள வந்தாத்தான் எடுக்க முடியும்."

"வெயிலே இல்லாம எப்படித் தம்பி காயும்?"

"எனக்குத் தெரியுது. மிஷினுக்குத் தெரியலையே."

விளைந்ததையெல்லாம் நிலையத்தில் போட்டுவிட்டு ரேஷன் அரிசியில் உலை வைப்பது இந்தப் பக்கத்தில் பல வருடப் பழக்கம். அவளும் வீட்டில் ஒரு மணி வைக்காமல் வழித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் வந்த மூன்றாம் நாள் ரேஷன் கடையில் அரிசி நின்றுபோனது. உலகத்தில் பாதி நாட்டில் விளைச்சலே இல்லையாம், இருக்கிற அரிசியையெல்லாம் போலீஸ் காவலோடு எங்கெங்கோ கொண்டுபோகிறார்களாம். அவள் கணவர் வைரக்கண்ணு சர்க்கரை வியாதிக்காரர். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிட்டு நேற்று கொல்லையில் மயங்கி விழுந்துவிட்டார். முப்பது மூட்டை நெல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டினி கிடப்பதும் ஒரு பிழைப்பா?

"ஒரு மூட்டையை மட்டும் எடுத்துக்கறேன் தம்பி. அவிச்சு, அடுப்புலயே வறட்டிக்கறேன். அவருக்குக் கஞ்சியாவது வச்சுக் குடுக்கணும்."

"டோக்கன் போட்டாச்சும்மா. களத்துக்குள்ள வந்த நெல்லு வெளியில போகக் கூடாதுன்னு புது ஆர்டர். பதுக்கல் கேஸ் போட்டுருவாங்க."

"என் நெல்லு தம்பி."

"உங்க நெல்லுதான். யாரு இல்லேன்னா? எடுத்துக்கிட்டுப் போகத்தான் முடியாது."

அன்று சாயங்காலம் அவள் இரண்டு பிடி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள். வாசலில் காவலுக்கு நின்ற பெண் போலீஸ் அனுசுயா கையை நீட்டி மறித்து, மடியை அவிழ்க்கச் சொன்னாள். அகிலாண்டம் திரும்பிப் போய் நெல்லைக் குவியலில் கொட்டினாள்.

"வழியில சிந்திருக்கு பாருங்க. அதையும் பொறுக்கிப் போடுங்க."

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. குவியலைக் கிழிசல் படுதாவால் மூடி, ஓரமெல்லாம் கல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்று நாள் விடாமல் பெய்தது.

நான்காம் நாள் காலையில் தலைமுடி கலைந்தபடி களத்துக்கு வந்து நின்றாள். இளம்பரிதி ஏற்கெனவே அவள் படுதாவை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளிருந்து ஆவி கிளம்பியது. குவியல் முழுக்க வெள்ளை வேர் பின்னி, மேலே ஒரு நகத்தளவுக்குப் பச்சை முளை நின்றது. சுற்றுவட்டாரத்து வயலெல்லாம் வெளிறிக் கிடக்க, பச்சையாக இருந்தது அது ஒன்றுதான்.

இன்றைக்கு அவன் மிஷினை வெளியே எடுக்கவில்லை.

"முளைச்சிருச்சும்மா. இது இனிமே நெல்லுக் கணக்குல வராது. டோக்கனை கேன்சல் பண்ணிட்டேன். அள்ளிக்கிட்டுப் போயிருங்க, இடம் வேணும்."

"எடுத்துக்கிட்டுப் போகலாமா தம்பி?"

"தாராளமா. பூராத்தையும் எடுத்துக்குங்க."

"பூராவும் வேண்டாம். ஒரு பிடி போதும்."

"ஒரு பிடியை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போறீங்க?"

"அவரு ராத்திரி போயிட்டாரு. வாய்க்கரிசி போடத் தெருவுல ஒரு வீட்லயும் அரிசி இல்ல."

அவன் படுதாவை முழுக்க விலக்கிவிட்டான். அவள் உட்கார்ந்து வேர்க்கட்டியைப் பிய்த்து, முளையை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுவிட்டு நெல்லை மடியில் சேர்த்தாள். ஒரு பிடி சேர வெகு நேரமாயிற்று.

வாசலில் அனுசுயா மடியை அவிழ்க்கச் சொல்லவில்லை. கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.