முதல் தட்டு

நாலு வருஷமா ஈ மேய்க்கிறேன். "பொண்ணு ஆராய்ச்சி பண்றா"ன்னு அம்மா எல்லார்கிட்டயும் பீத்திக்குவாள். என்ன ஆராய்ச்சின்னு யாராவது கேட்டால் பேச்சை மாத்திடுவாள்.

ஈ முட்டைக்குள்ளே ஒரு மரபணு ஏழு பட்டையா வேலை செய்யும். சாயம் ஏத்தினால் நீலமாத் தெரியும். உடம்பு எந்தெந்த இடத்தில் கண்டம் கண்டமாப் பிரியணும்கிறது அந்தப் பட்டைகளை வெச்சுத்தான். நான் வளர்க்கிற ஈ வகையில் பட்டை அரை மணி நேரம் முன்னாடியே வந்துடும். என் கண்டுபிடிப்பே இதுதான். நாளைக்கு ஒரு பெரிய கூட்டத்தில் என் கைடு சார் இதைத்தான் பேசப்போறார். என் பட்டமும் இதில்தான் தொங்குது.

கடைசியா ஒரு நல்ல படம் கேட்டார். லேப்ல முட்டை எடுத்துக் கொடுக்கிற அக்கா லீவு, அதனால் நானே எடுத்தேன். மூணு நாள், மூணு தடவை. மத்த ஈக்கெல்லாம் வர்ற நேரத்துக்குத்தான் இதுக்கும் பட்டை வந்தது. சாயத்தை மாத்தினேன், மைக்ரோஸ்கோப்பைத் திட்டினேன். சனியன் பிடிச்ச ஈ!

இன்னைக்குக் காலையில் அக்கா வந்ததும் புலம்பித் தீர்த்தேன்.

"முதல் தட்டையும் சேர்த்துக்கிட்டியில்ல?" என்றார்.

ஈ முட்டை போடுறதுக்குக் கூண்டுக்குள்ளே மணிக்கு ஒரு தட்டு மாத்தி வைப்போம். பெண் ஈ சில முட்டையை வயித்திலேயே அடக்கி வெச்சிருக்கும். அதெல்லாம் உள்ளேயே வளர ஆரம்பிச்சுடும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத் தட்டைக் கொட்டிட்டு, அடுத்த தட்டை எடுப்போம்.

"அது கொட்ட வேண்டியதுக்கா!"

"மத்த ஈயோடதைக் கொட்டிடுவேன். உன் ஈ எண்ணிப் பத்து முட்டைதான் போடுது. பத்தலைன்னு அன்னைக்கு என்னைப் பிலுபிலுன்னு பிடிச்சுக்கிட்டியே! பாவம்னு ரெண்டு தட்டையும் சேர்த்தே கொடுத்தேன். ரெண்டு வருஷமா."

கத்த வாயைத் திறந்தேன். யார் மேல கத்துறது? ஏன் கொட்டணும்னு ஒரு நாளாவது அவருக்குச் சொல்லியிருக்கேனா? பட்டை சீக்கிரம் வரவே இல்லை, முட்டைக்குத்தான் வயசு அதிகம். இந்த மூணு நாளும் நான் முதல் தட்டைக் கொட்டினேன், அதான் சரியான நேரத்துக்கு வந்திருக்கு.

போன் அடித்தது. சார்தான்.

"படம் எங்கேம்மா? ஏர்போர்ட் போக வண்டி வாசல்ல நிக்குது."

பழைய படத்தையே அனுப்பிடு, யாருக்குத் தெரியப்போகுதுன்னு மனசு சொன்னது. அக்கா தட்டும் கையுமா என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்றார்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

அவருக்கு இல்லைன்னு தலையாட்டிட்டு, போனில் சொன்னேன்.

"வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க சார்."